கரிசல் நாட்டில் நாய் பேணும் முறை

நாய் வளர்ப்போர் நம் நாட்டிற் பலர்; நாயைப் பேணுவோர் மிகச் சிலரேயாவர். வளர்த்தலாவது, உண்டு மிஞ்சிய சோற்றைச் சட்டியில் இட்டு, இரவிற் குரைப்பதற்கென்று வாயிலில் அதனைக் கட்டிவைத்தல். பேணுதலாவது, அதன் தோலும் உரோமமும் கண்ணும் காதும் பல்லும் நகமும் எந்நிலையில் உள்ளன என்பதை வாரந்தவறாது கையாலே தடவிக் கண்ணாலே கண்டு, குறையுள்ளவிடத்து அக்குறையைக் களைதல். மேனாட்டார் இதனைத் தனிக்கலையாகவே வளர்த்துள்ளனர். நம் பெருநகரங்களிலும் இதற்கென நிலையங்கள் தோன்றியுள்ளன. அவற்றைக் கண்ட நம் மாணவருட் சிலர், "செல்வர் வீட்டுச் சடைநாய்க்கு உரிய அலங்காரம் இது, பட்டிக்காட்டு நாய்க்கு இதனால் ஆவதென்ன?" என வினவுவர். அவ்வினாவிற்கு விடை கூறுதலே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

அலங்காரம் இதில் மிகச் சிறுபகுதியே. நோயை முன்னறிதலும், நாயையும் அதனோடு விளையாடும் குழந்தைகளையும் காத்தலுமே இதன் பெரும்பயன். இதற்கு வேண்டுவது பெரும்பொருளன்று. இரண்டு கைகளும் சிறிது பொழுதுமே. அருப்புக்கோட்டை, திருச்சுழி முதலிய வறண்ட நிலத்தில் வாழ்வோருக்கு இது மற்றையோரினும் மிகுதியாக வேண்டற்பாலது என்பதை முதற்கண் காட்டுவோம்.

நிலத்தின் இயல்பு

1985 ஆம் ஆண்டுவரை இராமநாதபுரம் மாவட்டத்தைச் சார்ந்திருந்து, அதன்பின் விருதுநகர் மாவட்டத்தைச் சார்ந்த இப்பகுதியின் தன்மையை நம் வாசகரிற் பலர் நன்கறிவர். குண்டாறு பெயரளவில் ஆறு. வடகிழக்குப் பருவமழை பொய்யாத ஆண்டிலன்றி அதில் நீரோட்டங் காண்டல் அரிது. கண்மாயும் ஊருணியுமே ஊரார்க்கு உயிர்நிலை. கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மழை பெய்த அன்றோ காலை விடாது பற்றும். தரிசெங்கும் சீமைக்கருவேல் படர்ந்து முள்ளை உதிர்க்க, இடையிடையே கரிமூட்டங்கள் புகைந்துகொண்டிருக்கும். அறுவடை முடிந்த காட்டிலே நெருஞ்சியும் ஒட்டுப்புல்லும் ஊசிப்புல்லும் மலிந்து கிடக்கும்.

இவ்வியல்புகளால் நாய்க்கு விளைவன மூன்று. முதலாவது, நீர் அரிதாகையால் அடிக்கடி நீராட்டுதல் இயலாது. ஆகவே சீப்பும் கையுமே நீரின் வேலையைச் செய்தல் வேண்டும். இரண்டாவது, ஆண்டில் மிகப் பெரும்பகுதி வெப்பமே நிலவுதலால், உண்ணி ஓய்வின்றிப் பெருகும். குளிர்நாடுகளிற்போலப் பனிக்காலம் வந்து அதனை அடக்குவதில்லை. மூன்றாவது, முள்ளும் சுடுமணலும் மூட்டத்துத் தணலும் பாதத்தைப் புண்ணாக்கும். குளிர்நாட்டார் எழுதிய நூல்களை அப்படியே பின்பற்றுவார் இம்மூன்றிலும் வழுவுவர்.

நம் நாட்டு நாய்கள்

இம்மாவட்டத்தின் மேற்கெல்லையில், மலையடிவாரத்திலுள்ள இராசபாளையம் தன் பெயரை ஒரு நாயினத்திற்குத் தந்துள்ளது. பால்வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் அதற்குச் சிறப்பென மதிப்பர். 2005 ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட நாய் முத்திரைகளுள் இராசபாளையமும் ஒன்று. சிப்பிப்பாறை என்பது கரிசற்காட்டுச் சிற்றூரொன்றின் பெயர் தாங்கிய மற்றோரினம். மெலிந்த உடலும் நீண்ட முகமும் காற்றெனப் பாயும் கால்களும் உடையது. கருநிற உடம்பிற் செம்பழுப்புப் புள்ளி கொண்ட கன்னி என்பதும் அதற்கு நெருங்கிய உறவினது. முயல் வேட்டைக்கே இவை பெயர்பெற்றவை. 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்பின் அவ்வேட்டை குற்றமாயிற்று. எனினும் காவல் தொழிலில் இவை இன்றும் சிறந்தே விளங்குகின்றன. இவையன்றி, ஆட்டுக்கிடையோடு ஊர்தோறும் செல்லும் கிடைநாயும், தெருவிற் பிறந்து திண்ணையில் வளரும் பெயரில்லா நாயும் தொகையால் மிகுந்தவை.

இவை யாவும் குட்டை உரோமம் உடையன. ஆதலின் கத்தரியிட்டு மயிர் திருத்தும் வேலை நமக்கில்லை. ஆயின் வேறு கவலைகள் உள. வேட்டை நாய்களுக்குத் தோலின்கீழ்க் கொழுப்பு மிகக் குறைவு. கல்தரையிற் படுப்பின் முழங்கையிலும் இடுப்பெலும்பிலும் தோல் தடித்துக் காய்த்துப் புண்ணாகும். பழஞ்சாக்கொன்றை மடித்துப் படுக்கையாக இடுதல் அதற்குப் போதிய மருந்து. வெண்ணிற நாயின் மூக்கும் காதுநுனியும் உச்சிவெயிலிற் கருகிச் சிவக்கும். அதற்கு நிழல் வேண்டும். மேலும், வெண்ணிற நாய்களிற் சில பிறவிச் செவிடாயிருத்தல் உண்டு. அழைத்தும் வாராத குட்டியை அடங்காதது என்று அடிக்குமுன், அதன் பின்னே நின்று கைதட்டிப் பார்த்தல் அறமாகும்.

சடைநாய் வளர்ப்பாரும் நம்மூர்களில் இப்போது உளர். கோடை வந்தவுடன் அதன் மயிரை ஒட்டச் சிரைத்துவிடுதல் நன்மையென அவர் எண்ணுவர். அது தவறு. அடர்ந்த மயிர் குளிரைத் தடுப்பதுபோலவே வெயிலையும் தடுப்பது. நாய்க்கு வியர்வை பாதத்தடியிலன்றி உடலிற் பயன்படுமளவு சுரப்பதில்லை. நாவை நீட்டி இளைத்தலாலேயே அது தன் வெப்பத்தைத் தணிக்கின்றது. ஆகவே மயிரைச் சிரைப்பதால் உடல் குளிராது, தோலே சுடும். உதிர்ந்து சிக்கிய மயிரை நாடோறும் வாரி எடுத்து, தோலிற் காற்றுப் படச் செய்வதே முறை.

கையே முதற்கருவி

பேணுதலின் தொடக்கம் சீப்பன்று, கை. குட்டி பிறந்த மூன்றாம் வாரமுதல் ஏறக்குறையப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலத்தில் அது எதனை நட்பென அறிகின்றதோ, அதனை ஆயுள்முழுதும் நட்பாகவே கருதும். அக்காலத்தில் நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் அதன் பாதத்தைப் பிடித்தும், காதை மடக்கியும், உதட்டை உயர்த்தியும், வாலைத் தூக்கியும் பழக்கி, ஒவ்வொரு முறையும் ஒருவாய்த் தீனி கொடுப்போமாயின், பிற்காலத்தில் மருத்துவர் தொடினும் குழந்தை தொடினும் அது கடியாது. கைபடாது கட்டுத்தறியிலேயே வளர்ந்த நாய்தான், நோவுற்ற நாளில் உதவவரும் கையைக் கவ்வுகின்றது. வளர்ந்த நாயாயின் அவசரங் கூடாது. முதல் வாரம் முதுகும் மார்பும், அடுத்த வாரம் காதும் காலும் எனச் சிறுகச் சிறுகப் பழக்குதல் வேண்டும். அது உறுமினால் நிறுத்துக. உறுமுதல் அது தரும் எச்சரிக்கை. அதற்காக அடிப்போமாயின், எச்சரியாமலே கடிக்கக் கற்றுக்கொடுத்தவராவோம்.

தடவிப் பார்க்கும் முறை எளிது. வெயில் ஏறுமுன் நிழலில் நாயை நிறுத்தி, தலைமுதல் வால்வரை இரு கைகளாலும் மெல்ல உருவிக்கொண்டு செல்க. காதின் உள்மடிப்பு, கழுத்துப்பட்டையின் அடி, அக்குள், தொடையிடுக்கு, வாலடி, கால்விரல்களின் இடை ஆகிய ஆறிடங்களையும் ஒருபோதும் விடலாகாது. உண்ணியும் புண்ணும் ஒளிந்திருப்பவை இவ்விடங்களே. குட்டிக்குக் கட்டிய கயிற்றைத் தளர்த்த மறந்து, அது வளர வளரக் கயிறு கழுத்தில் அறுத்து, ஈ மொய்த்துப் புழு வைத்துவிடுதல் நம் கிராமங்களிற் காணும் கொடுமைகளுள் ஒன்று. கயிற்றுக்கும் கழுத்துக்கும் இடையே இருவிரல் நுழைதல் வேண்டும் என்னும் சிறுவிதி அதனைத் தடுக்கும்.

பின்னர் மேலுதட்டை உயர்த்தி ஈற்றைக் காண்க. நலமுள்ள நாயின் ஈறு இளஞ்சிவப்பாயிருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்கும். அழுத்தாமலே வெளுத்திருப்பின் குருதி குறைந்துள்ளது என்று அறிக. அதன் காரணம் பெரும்பாலும் உண்ணியும் குடற்புழுவும். (ஈறு பிறப்பிலேயே கருத்த நாயாயின், கண்ணின் கீழிமையைத் தாழ்த்திப் பார்க்கலாம்.) நாய் சோறு மறுப்பதற்குச் சில நாட்கள் முன்னரே இவ்வடையாளம் தோன்றுதல் உண்டு. வாரந்தோறும் பார்ப்பவர் அதனைக் காண்பர். பாராதவர், நாய் எழமாட்டாது கிடக்கும்போதே காண்பர். பேணுதலுக்கும் பேணாமைக்கும் உள்ள வேறுபாடு, பலமுறை அந்தச் சில நாட்களின் வேறுபாடேயாகும்.

சீப்பு

குட்டைமயிர் நாய்க்கு மென்மயிர்த் தூரிகையோ, சற்று முரடான ஈரத்துணியோ போதும். மயிர் படிந்த திசையிலே வாரத்திற்கு இரண்டு மூன்று முறை தேய்த்தால், தூசியும் செத்த மயிரும் நீங்கி, தோலிற் சுரக்கும் இயற்கை நெய் உடலெங்கும் பரவும். மினுமினுப்பு தானே தோன்றும்.

தெள்ளுப்பூச்சி உண்டோ என்பதை அறிய ஓர் எளிய சோதனை கூறுவோம். வீட்டில் தலைக்கு உபயோகிக்கும் பேன்சீப்புப் போன்றதொன்றை நாய்க்கெனத் தனியே வைத்துக்கொண்டு, இடுப்பின் மேற்புறத்திலும் வாலடியிலும் வாரி, அதில் வருங் கரும்பொடியை நனைத்த வெண்துணியில் உதறுக. பொடி கருநிறமாகவே இருப்பின் அது மண். சிறிது நேரத்திற் செந்நிறம் கசியுமாயின் அது தெள்ளுப்பூச்சியின் மலம், அதாவது செரித்த இரத்தம். இப்பூச்சி ஒருவகை நாடாப்புழுவின் இளநிலையைத் தன் உடலிற் சுமப்பது. நாய் தன்னைக் கடித்துச் சொறியும்போது பூச்சியை விழுங்கி அப்புழுவைப் பெறும். தரையில் தவழும் குழந்தை தவறி அப்பூச்சியை விழுங்கினும் அவ்வாறே. நாயைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதலும், மருத்துவர் கூறியபடி பூச்சிமருந்து கொடுத்தலும், ஆடறுத்த குடலையும் ஈரலையும் பச்சையாக நாய்க்கு எறியாதிருத்தலும் பேணுதலின் பகுதிகளே.

நீராட்டு

வாரந்தோறும் நீராட்டுதல் நன்றென்பது பொதுவான நம்பிக்கை. குட்டைமயிர் நாய்க்கு மாதம் ஒருமுறை போதும். உடலில் அழுக்கோ நாற்றமோ இல்லையாயின் அதனினும் குறைக்கலாம். காரணம் நாயின் தோலமைப்பு. நம் மேற்றோல் பத்து முதல் பதினைந்து வரை அடுக்குகளால் ஆயது. நாயின் மேற்றோலோ மூன்று முதல் ஐந்து அடுக்குகளே உடையது. நம் தோல் சற்றுப் புளிப்புத்தன்மையது. நாயின் தோல் ஏறக்குறைய நடுநிலையது. ஆதலின் நம் தலைக்கும் உடலுக்கும் இசைந்த சவர்க்காரமும், அதனினும் கொடிய துணிச்சோப்பும், அதன் நெய்ப்பசையைக் களைந்து தோலை வெடிக்கச் செய்யும். வெடித்த தோலிற் சொறி எளிதிற் குடியேறும். நாய்க்கென்று செய்த கழுவுநீர்மம் இப்போது சிற்றூர் மருந்துக்கடைகளிலும் கிடைக்கின்றது. ஒரு புட்டி பல மாதங்களுக்கு வரும்.

நீராட்டுமுன் வாருதல் வேண்டும். வெயிலில் வைத்து இளஞ்சூடேறிய நீர் இரண்டு வாளி போதுமானது. காதிற் பஞ்சை மெல்ல அடைத்து, கழுத்திலிருந்து பின்னோக்கி நனைத்து, நுரை போட்டுச் சில நிமிடம் வைத்து, முற்றும் நீங்கும்வரை அலசுக. தலையை இறுதியில் ஈரத்துணியால் துடைத்தல் சாலும். நுரை மிச்சமாயின் அரிப்புண்டாகும். பின் விரலிடுக்குவரை துவட்டி, மண்ணிற் புரளாதபடி சிறிது நேரம் சாக்கின்மேல் நிறுத்துக. கண்மாய் வற்றும் பங்குனி சித்திரையில், பிழிந்த ஈரத்துணியால் உடலெங்கும் துடைத்தலே நீராட்டாக அமையும். அந்நீரையும் மரத்தடியிற் பாய்ச்சலாம். குடிநீர் ஊருணியில் நாயைத் தள்ளிக் குளிப்பாட்டுதல் எக்காலத்தும் தகாது. நாய்க்குச் செய்யும் நன்மை ஊருக்குத் தீமையாகலாகாது.

மண்ணெண்ணெய், பினாயில், கழிவெண்ணெய் ஆகியவற்றைச் சொறிக்குப் பூசும் வழக்கம் இன்றும் மறையவில்லை. இவை தோலைப் பொசுக்குவன. நாய் நக்கும்போது குடலிலும் புகுவன. வேப்பிலை அவித்த நீரும், வேப்பிலை மஞ்சள் விழுதும் தீங்கற்றவை. சிறு அரிப்புக்கு இதமளிப்பவை. ஆயினும் சொறியென்பது கண்ணுக்குப் புலனாகாச் சிற்றுயிரால் வருவது. அதில் ஒருவகை மயிர்க்கால்களின் உள்ளே வாழ்வதாகையால், மேற்பூச்சு மட்டும் அதனை எட்டாது. மற்றொருவகை தொடுவோர் கையிலும் சில நாள் அரிப்பை உண்டாக்கும். மருத்துவரிடம் ஏகுவதே முறை.

உண்ணி

நம் நாட்டு நாய்க்கு வெயிலினும் பசியினும் பெரும்பகை உண்ணியே. பழுப்பு நாயுண்ணி என்பது முட்டையினின்று வெளிவந்தபின் மூன்று பருவங்களைக் கடக்கும். ஒவ்வொரு பருவத்திலும் நாயின்மேல் ஏறி இரத்தம் உறிஞ்சிக் கீழே வீழ்ந்து, சுவரின் வெடிப்பிலும் கல்லிடுக்கிலும் மறைந்து தோலுரித்து, மீண்டும் ஏறும். வயிறு பருத்த பெண்ணுண்ணி ஆயிரக்கணக்கான முட்டைகளைச் சுவர்ப்பிளவில் இட்டு மாயும். உணவின்றியும் பல மாதங்கள் உயிர்வாழ வல்லது அது. ஆகவே நாயின்மேல் நாம் காண்பது உண்ணிக்கூட்டத்தின் சிறுபங்கே. பெரும்பங்கு வீட்டுச் சுவரில் உள்ளது. நாயை மட்டும் சுத்தம் செய்து, அது படுக்கும் மூலையைச் சுத்தம் செய்யாதவன், ஓட்டைப்பானையில் நீர் நிரப்புபவனை ஒப்பான். படுக்கைச்சாக்கை வாரந்தோறும் கொதிநீரில் முக்கி வெயிலிற் காயவைத்தலும், சுவர்வெடிப்பை மண்ணோ சாந்தோ இட்டு அடைத்து வெள்ளையடித்தலும் மருந்துக்கு ஒப்பான துணையாகும்.

உண்ணியைப் பிடுங்குதற்கும் முறையுண்டு. கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டி அதன் வாய்ப்புறத்தைப் பற்றி, திருகாமல் நேரே இழுத்து, சவர்க்கார நீரிலிட்டு அழிக்க வேண்டும். விரலால் நசுக்கலாகாது, அதனுள் உள்ள நோய்க்கிருமி கைக்கீறலிற் புகக்கூடும். பீடிநெருப்பால் சுடுதலும் எண்ணெய் ஊற்றுதலும், உண்ணி தன் உமிழ்நீரைப் புண்ணினுள்ளே கக்கச் செய்யுமாதலின் தீயன. இவ்வுண்ணியால் மனிதர்க்கும் ஒருவகைக் காய்ச்சல் வருதல் மருத்துவர் அறிந்ததே.

உண்ணி கொணரும் நாய்க்காய்ச்சலிற் பெரியவை இரண்டு: ஒன்று எர்லிக்கியா என்னும் நுண்கிருமியால் வெள்ளணுக்களைத் தாக்குவது; மற்றொன்று பபீசியா என்னும் ஒட்டுண்ணியால் செவ்வணுக்களை உடைப்பது. சோறு மறுத்தல், காய்ச்சல், ஈறு வெளுத்தல், மூக்கில் இரத்தம் வடிதல், சிறுநீர் காப்பிநிறமாதல் என்பன அடையாளங்கள். "சூடு பிடித்துவிட்டது" எனக் கூறி மோர் வார்த்து வாளாவிருப்பின் நாய் இறக்கும். ஈறு வெளுத்த அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்லின் பெரும்பாலும் பிழைக்கும். இரண்டிற்கும் தக்க மருந்துகள் உள்ளன.

உண்ணியைக் கொல்லும் மருந்துகளும் உள. பிடரியில் விடும் துளிமருந்தும், வாய்வழிக் கொடுக்கும் மாத்திரையும் ஒரு மாதமுதல் மூன்று மாதம்வரை காக்கும். மாத்திரையின் விலை சற்று அதிகமே. ஆயினும் நோய்ப்பட்டபின் ஆகும் செலவினும் குறைவு. நாயின் எடையறிந்து அளவு குறிக்க வேண்டுவதாகையால் மருத்துவரைக் கேட்டே வாங்குக. பருத்திக்கும் மிளகாய்க்கும் தெளிக்கும் பூச்சிமருந்தை நாயின்மேல் பூசுதல் கொலைக்கு நிகர். வாயில் எச்சில் ஒழுக, உடல் நடுங்கி, சில மணி நேரத்தில் நாய் மாள்வது அதனாலேயே. முற்காலத்தில் எல்லாரும் தூவிய கம்மாக்சின் பொடியிலுள்ள லிண்டேன் என்னும் நஞ்சு, 2013 ஆம் ஆண்டோடு இந்தியாவில் முற்றும் தடுக்கப்பட்டதையும் நினைவிற் கொள்க.

காது, பாதம், நகம், பல்

காதை வாரமொருமுறை பார்த்தல் போதும். நலமுள்ள காது மணமற்று வெளிர்சிவப்பாயிருக்கும். கண்ணிற்படும் அழுக்கை ஈரப்பஞ்சினால் துடைக்கலாம். குச்சியை உள்ளே செலுத்தலும், காய்ச்சிய எண்ணெய் விடுதலும் ஆகா. அறுவடைக்குப்பின் நாய் திடீரெனத் தலையை ஒருபக்கம் சாய்த்து உதறுமாயின், ஊசிப்புல்லின் விதை காதினுள் நுழைந்ததென ஐயுறுக. அவ்விதை முன்னேறுமேயன்றிப் பின்வாங்காது. தாமதிப்பின் செவிப்பறையைத் துளைக்கும்.

காட்டினின்று மீண்ட நாயின் பாதத்தை அன்றன்றே பார்த்தல் இந்நிலத்திற்குரிய கட்டாயக் கடமை. விரலிடுக்கில் அடைந்த கரிசல் மண் காய்ந்து கல்லாகி, நடக்குந்தோறும் தோலை அறுக்கும். அதனை இழுக்காமல் வெதுநீரில் ஊறவைத்துக் கரைக்க வேண்டும். கருவேல்முள் ஒடிந்து உள்ளே தங்கின் சீழ்கொள்ளும். கரிமூட்டத்தின் சாம்பலை மிதித்துப் பாதம் வெந்திருப்பின் நெடுநேரம் குளிர்ந்த நீர் விடுக; மையோ மாவோ அப்பற்க.

ஓடித்திரியும் நாய்க்கு நகம் தானே தேயும். கட்டுண்ட நாய்க்கு வளைந்து பாதத்திற் குத்தும். தரையைத் தொடாத உட்புற நகம் எந்நாய்க்கும் தேயாது. வெண்ணகத்தினுள் இளஞ்சிவப்பாகத் தோன்றும் இரத்தநாளத்தை விடுத்து நுனியை மட்டும் வெட்டுக. கருநகமாயின் சிறிது சிறிதாக அராவுதல் நலம். இரத்தம் கசிந்தால் சோளமாவைச் சிறிது அழுத்திப் பிடிக்க நிற்கும். பல்லை நாய்க்குரிய பசையால் மென்துணிகொண்டு தேய்க்கலாம். மனிதர்க்குரிய பசை ஆகாது, நாய் உமிழ அறியாதாகலின்.

குட்டியின் காதையும் வாலையும் வெட்டுதலை அழகென்று கருதுவார் சிலர் உளர். அது பேணுதலன்று; 1960 ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தால் விலக்கப்பட்ட உறுப்பறுத்தல். காதும் வாலுமே நாய்க்கு மொழி. மொழியற்ற நாயின் மனக்குறிப்பை நாம் எங்ஙனம் அறிவோம்?

வெறிநோய்

இனிக் கூறப்போவதே இவ்வியாசத்தில் தலையாயது. உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 59,000 பேர் வெறிநோயால் இறக்கின்றனர் என்றும், அவருள் மூன்றிலொரு பங்கிற்கு மேற்பட்டோர் இந்தியர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. மனிதர்க்கு நேரும் இந்நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயால் வருவது. கடியுண்போரிற் பலர் பதினைந்து வயதிற்குட்பட்ட சிறுவர். நோயின் குறி தோன்றியபின் பிழைப்பார் அநேகமாக இல்லை. தோன்றுமுன் தடுப்பது முற்றும் கூடும். 1885 ஆம் ஆண்டில் பாஸ்டர் பெருமான் தம் தடுப்புமருந்தை முதன்முதல் ஒரு சிறுவனுக்கு இட்டு வழிகாட்டினார்; 1907 ஆம் ஆண்டில் நம் குன்னூரில் அவர் பெயரால் நிலையம் தோன்றிற்று. வயிற்றில் பதினான்கு ஊசி என்னும் பழைய அச்சம் இப்போது பொருளற்றது. புதிய மருந்து கையிலேயே சில தவணைகளில் இடப்படுகின்றது.

பேணுவோர் இந்நோய்பற்றி மூன்றை மறவாதிருத்தல் வேண்டும். முதலாவது, குட்டிக்கு மூன்றாம் மாதத்தில் தடுப்பூசியும், மருத்துவர் குறித்த நாளில் மறுவூசியும், பின்னர் ஆண்டுதோறும் ஊசியும் தவறலாகாது. ஊசி போடாத நாயைச் சீவிக் குளிப்பாட்டுதல் கூரையில்லா வீட்டிற்குக் கோலமிடுதல் போலும். இரண்டாவது, வெறிநோய் எப்போதும் வெறியாகவே தோன்றுவதில்லை. சில நாய்கள் சீறாமற் சோர்ந்து, தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, விழுங்கமாட்டாமல் நிற்கும். தொண்டையில் எலும்பு சிக்கியதென்று இரங்கி வாயினுட் கைவிட்டவர் அந்நோய்க்கு இலக்காவர். நாடோறும் வாயைத் திறந்து பழகிய கையும் அன்று விலகி நின்று மருத்துவரை அழைத்தல் வேண்டும். மூன்றாவது, கடி மட்டுமன்று, நகக்கீறலும், புண்ணின்மேல் நக்குதலும் நோயைத் தரும். லாசருவின் பருக்களை நாய்கள் வந்து நக்கின எனத் திருமறையிற் படிக்கின்றோம். மனிதர் கைவிட்டவனை நாயும் கைவிடாமை அங்கே கூறப்பட்டதேயன்றி, நாயின் நாவு மருந்தென்பது அங்கு போதிக்கப்பட்டதன்று.

கடியோ கீறலோ நேர்ந்தால், எவ்வளவு நீர்ப்பஞ்சமாயினும், ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் முழுதும் கழுவுக. மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பிப்பொடி முதலியன அப்பலாகாது. அன்றே அரசினர் மருத்துவமனை சென்று ஊசியின் எல்லாத் தவணைகளையும் முடிக்க. காயம் ஆழமாயின், உடனடிக் காப்பளிக்கும் சீரமும் வேண்டும் என்று கேட்டறிக. வீட்டு நாயாயிற்றே என்றெண்ணித் தாமதித்தல் உயிரோடு சூதாடுதலாகும்.

முடிவுரை

நம் மொழி நாயை இழிவிற்கே உவமை கூறும். ஆயின் அதே மொழி அதனை ஞமலி என்றும் ஞாளி என்றும் அழைத்து, அதன் இளமைக்குக் குருளை என்னும் அழகிய பெயரையும் வழங்கிற்று. இழிவு நாயிடத்தில்லை, கட்டிவைத்து மறந்த நம்மிடத்தேயுள்ளது. 1879 டிசம்பர் 30 இல் திருச்சுழியிற் பிறந்து, மதுரையில் அமெரிக்க மிஷன் உயர்நிலைப்பள்ளியிற் பயின்று, 1896 இல் திருவண்ணாமலை சேர்ந்த இரமண முனிவர், தம் ஆசிரமத்து நாய்களை அஃறிணையாற் சுட்டாது அவன், அவள் என்றே அழைத்தனர். ஜாக்கி என்னும் நாய் நோயுற்றபோது அருகிற் படுக்கையிட்டுப் பேணினர். அதன் சமாதி அவ்வாசிரமத்தில் இன்றும் உள்ளது. சமயத்தால் வேறுபட்டோரும் அவர் பிறந்த மண்ணினர் என்னும் உரிமையால் இச்செயலைப் பின்பற்றலாம்.

ஆகவே, விடுமுறைக்கு ஊர்செல்லும் மாணவ நண்பர்காள், ஒன்று செய்மின். உங்கள் வாயிலிற் கிடக்கும் நாயின் கழுத்துக்கயிற்றில் இருவிரல் நுழைகின்றதா என்று பாருங்கள். உதட்டை உயர்த்தி ஈற்றின் நிறத்தைக் காணுங்கள். ஊசி போட்ட நாள் எதுவென்று தந்தையாரைக் கேளுங்கள். விடை தெரியாதாயின் மறுநாளே கால்நடை மருத்துவமனைக்கு நடத்திச் செல்லுங்கள். தெருவிலுள்ள சிறுவர்க்கும் இவற்றைக் காட்டிக் கொடுங்கள். இரவெல்லாம் விழித்து நம்மைக் காப்பதற்கு வாரத்தில் அரைமணிப் பொழுது கைம்மாறாகக் கொடுத்தல் பெரிதன்று. அவ்வரைமணி ஒரு நாயின் உயிரைக் காக்கும். ஒருகால் ஒரு குழந்தையின் உயிரையும் காக்கும்.